பூவாடைக்காரிக்கு நெய்த புடவை

பட்டுப் புடவையில் ஓர் இழை தப்பியிருந்தால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற நீங்கள், அந்த இழை ஏன் தப்பியது என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

கேட்டிருக்க மாட்டீர்கள். நெய்த கை சரியில்லை என்று நினைத்திருப்பீர்கள். நெசவுக்குப் பாவு நூல் கொடுக்கிற முதலாளியும் அப்படித்தான் நினைக்கிறார். புடவையைத் திருப்பி அனுப்பிவிடுகிறார், அத்தோடு பேச்சு முடிந்தது. ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒரு புடவை திரும்பி வந்தது. அது வந்து சேர்ந்தபோது அதை நெய்தவள் மண்ணுக்குள் போயிருந்தாள்.

அவள் பெயர் ஸ்வர்ணலதா. ஆனால் இந்தக் கதை கலைமகளுடையது. செத்தவளுக்குக் கதை முடிந்துவிட்டது. கலைமகள் இன்னும் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருக்கிறாள்.

கலைமகள் அந்தப் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளைத் தேடிப் போய்ப் பார்ப்பது, இரத்த அழுத்தம் அளப்பது, மாத்திரை கொடுப்பது, ஆபத்து தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவது, இவைதான் வேலை. கலசப்பாக்கம் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவள். அப்பா வேடியப்பன் அறுவடைக் கூலிக்குப் போன ஊர்களிலெல்லாம் குடிதண்ணீரைக் கை குவித்து வாங்கிக் குடித்தவர். மகளுக்கு வேலை உத்தரவு வந்த அன்று, "இனிமே உன்ன யாரும் வாசல்ல நிக்கவெக்க மாட்டாங்க, போ" என்றார். படிக்காவிட்டாலும் விவரமான மனிதர். அந்த ஒரு விஷயத்தில் ஏமாந்து போனார்.

புடவை பிற்பாடு திரும்பி வந்த அந்த வீடு கிருஷ்ணம்மாளுடையது. அங்கே கலைமகளுக்கு மரியாதை குறைந்ததே இல்லை. "நர்ஸம்மா வந்துகீறாங்க, சேர் போடு" என்று குரல் வரும். பிளாஸ்டிக் நாற்காலி வரும். அது எப்போதும் வாசற்படிக்கு வெளியேதான் வரும். உள்ளே கூடத்தில் தறி.

"பட்டுப் பாவு பாரு நர்ஸம்மா, வெளியாளு உள்ள வந்தா தூசி படும்" என்பாள் கிருஷ்ணம்மாள்.

முதலாளி வீட்டு ஆள் செருப்போடு உள்ளே போய் வருவான். அவன் காலில் மட்டும் தூசி ஒட்டாது போலும்.

ஆக, கர்ப்பிணிதான் தறியை விட்டு எழுந்து வெளியே வருவாள். மாமியார் பக்கத்தில் நிற்பாள். கையை நீட்டச் சொல்லி, படியில் உட்காரவைத்து, கலைமகள் அளந்துவிட்டுப் போவாள். அவள் அந்த வீட்டுத் தறியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. சத்தம் மட்டும் கேட்டிருக்கிறாள்.

ஸ்வர்ணலதா கிருஷ்ணம்மாளின் மகன் விக்னேஷின் மனைவி. வாயாடி. கர்ப்பிணிகளுக்கான கையேட்டில் ஒரு படம் உண்டு. ஜன்னல் ஓரக் கட்டிலில் ஒருத்தி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள், பக்கத்து மேசையில் ஒரு தட்டு நிறையப் பழம். பகலில் இரண்டு மணி நேரம் ஓய்வு தேவை என்று அதற்குக் கீழே எழுதியிருக்கும். ஸ்வர்ணலதா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இந்தக்கா எந்த ஊருக்கா? இவங்க வூட்டுக்காரரு ஒண்டியா நெய்யறாரா?"

"ஒனக்கு எல்லாமே கிண்டலு" என்றாள் கலைமகள்.

"கிண்டல் இல்லக்கா. கட்டில் எங்க போட்டாங்கன்னு பாக்கறேன். எங்க வூட்ல தறி போட்டது போவ மிச்சம் இருக்கிறது மாமியாருக்கே பத்தல."

கையேடு பொய் சொல்லவில்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கர்ப்பிணிக்குக் கால், கை, முகம் வீங்குவதும், விடாத தலைவலியும், கண் மங்குவதும் இரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளம். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள். இது உலக சுகாதார நிறுவனம் இருக்கிற ஜெனீவாவிலும் உண்மை, முள்ளிப்பட்டிலும் உண்மை. அந்த உண்மையைத் தேடிப் பிடிக்கிற கேள்விகளை எழுதியவர்தான் தறியைப் பார்த்ததில்லை.

குழித்தறி என்பது தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிக்கட்டைகளை மாற்றி மாற்றி மிதித்து நெய்வது. நாள் முழுக்கத் தொங்குகிற கால் பொழுது சாய்ந்தால் வீங்கத்தான் செய்யும். "கால் வீக்கம் இருக்கிறதா?" என்று அந்தத் தெருவில் கேட்டால் ஆண்பிள்ளைகளும் ஆமாம் என்பார்கள். அடுத்த கேள்வி இன்னும் மோசம். "கண் மங்கலாகத் தெரிகிறதா?"

பட்டு நெய்கிற எவளும் இதற்கு ஆமாம் சொல்லமாட்டாள். கண் போய்விட்டது என்று முதலாளி காதில் விழுந்தால், நுணுக்கமான வேலைப்பாடு உள்ள பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். காய்ச்சலைச் சொல்வார்கள், முதுகுவலியைச் சொல்வார்கள், புருஷன் அடித்ததைக்கூடச் சொல்வார்கள். கண்ணைப் பற்றி மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அந்தக் கேள்வியைக் கலைமகள் வாசற்படிக்கு வெளியே உட்கார்ந்து, மாமியார் முன்னால், முதலாளி வீட்டு ஆள் உள்ளே நிற்கும்போது கேட்டாள். ஸ்வர்ணலதாவின் இரத்த அழுத்தம் அன்றைக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது.

"தல வலிக்குதா? கண்ணு மங்கலா தெரியுதா?"

"எல்லாம் பளிச்சுனு தெரியுதுக்கா. உங்க மூக்குத்தி மின்னுறது வரிக்கும் தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். கலைமகளும் சிரித்தாள். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்கு வந்துடு, டாக்டரு ஒருதரம் பாக்கட்டும்" என்றாள். செவ்வாய்தான் கர்ப்பிணிகளுக்கான நாள். அந்தத் தெருவில் அதுவே நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் ஒப்படைக்கிற நாளும்.

"அறுத்துட்டு வந்துடறேன்க்கா."

அன்று வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது கலைமகளின் விரல் மூக்கில் பட்டது. மூக்குத்தி இல்லை. திருகு கழன்றுபோனதால் முந்தின வாரமே ஆசாரியிடம் கொடுத்திருந்தாள். என்ன கிண்டல் பாரேன் இவளுக்கு என்று அப்போதும் சிரித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை ஸ்வர்ணலதா வரவில்லை. புடவையை அறுத்துக் கொடுத்துவிட்டுத் தறியிலேயே சாய்ந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. காற்று கருப்பு என்று பூசாரியை அழைத்து வந்தார்கள். அவர் எலுமிச்சம்பழத்தை நறுக்கி நான்கு பக்கமும் வீசி முடிப்பதற்குள் எல்லாம் கை மீறிவிட்டது. ஆம்புலன்ஸில் போகும்போதே, வயிற்றுப் பிள்ளையோடு, உயிர் போயிற்று.

சாவுக்கு என்ன காரணம் என்று ஆராயக் கூட்டம் போட்டார்கள். "குடும்பத்தினரின் தாமதம்" என்று முடிவாயிற்று. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தத் தாமதத்துக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தது, ஒரு வாசற்படி இருந்தது, இல்லாத ஒரு மூக்குத்தி இருந்தது. இவற்றைப் போட்டுவைக்க அந்தக் கூட்டத்தில் இடம் இல்லை.

கலைமகளுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அப்பா வளர்த்த வளர்ப்பு அப்படி. ஆனாலும் ஸ்வர்ணலதா அவளை விடவில்லை. தறியின் சத்தம் ஒரே சீராக விழும்: டக், டக், டக். அந்தக் கடைசி மாதத்தில் ஸ்வர்ணலதாவின் தறி அப்படி விழவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாலு அடி, அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடி இரண்டு அடி, அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. அறுந்த இழையைத் தேடித் தேடிக் கிடைக்காத விரல்களின் மௌனம் அது. பஸ்ஸில் போகும்போது, சோறு பொங்கும்போது, கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, கலைமகளின் காதில் அந்தச் சத்தம் ஓடும். ஓடி நிற்கும். நின்ற இடத்தில் நெஞ்சு அடைக்கும். ஆசாரியிடமிருந்து திரும்பி வந்த மூக்குத்தியை அவள் மறுபடி போடவே இல்லை.

சுகாதார நிலையத்து மருத்துவர் அகல்யாவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"மேடம், கேள்விய மாத்தணும் மேடம். கண்ணு மங்குதான்னு கேட்டா அங்க ஒருத்தியும் சொல்ல மாட்டா. நாளையும் மாத்தணும்."

அகல்யாவின் மேசைக்கு எதிரே நாற்பது பேர் காத்திருந்தார்கள். "கையேட்ட மாத்துறதுக்கு நான் யாரு கலை? மேல சொன்னா, நாடு முழுக்க ஒரே கேள்விம்பாங்க."

"நாடு முழுக்க ஒரே தறியா மேடம்?"

அகல்யா பேனாவைக் கீழே வைத்தாள். "நாள மாத்தலாம். அது என் கையில கீது. மத்தத நீயே பாத்துக்க, யாரையும் கேக்காத. கேட்டா வேணாம்னுதான் சொல்வாங்க."

நாள் மாறியது. நெசவுத் தெருப் பெண்கள் புதன்கிழமைகளில் வரத் தொடங்கினார்கள். கிருஷ்ணம்மாள் வீட்டு வாசற்படி மட்டும் அப்படியே இருந்தது.

வருஷம் திரும்புவதற்குள் விக்னேஷுக்கு இரண்டாம் கல்யாணம் நடந்தது. பெரணமல்லூர்ப் பக்கத்துப் பெண், தேவிப்ரியா. சாதுவானவள். மூத்தவள் உட்கார்ந்த அதே குழியில் காலைத் தொங்கவிட்டு, அதே மிதிக்கட்டையை மிதித்தாள். அவளும் உண்டானாள்.

தாலியோடு செத்தவள் பூவாடைக்காரி ஆகி வீட்டைச் சுற்றி நிற்பாள் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. பானையில் பூச் சுற்றி வைத்து, புதுப் புடவை சாத்தி, அவளை அழைத்துக் கும்பிடுவார்கள். உயிரோடு இருந்தவரை ஊருக்கெல்லாம் பட்டு நெய்து கொடுத்துவிட்டு நைலக்ஸைக் கட்டிக்கொண்டவளுக்கு, செத்த பிறகு பட்டு கிடைக்கும். இந்த ஊரில் பெண்ணுக்கு மரியாதை கிடைக்கிற வழி அதுதான்.

தேவிப்ரியாவுக்கு எட்டாம் மாதம் தொடங்கியபோது தலைவலி வந்தது. தூக்கத்தில் பயந்து எழுந்தாள். கிருஷ்ணம்மாள் பூசாரியிடம் போனாள். மூத்தவளுக்குப் பொறாமை, இளையவள் தன் கையாலேயே ஒரு பட்டு நெய்து சாத்தினால் மனம் குளிர்ந்துவிடுவாள், நெய்து அறுக்கும் வரை ஒருவேளைச் சாப்பாடு, வெளியாள் கை மேலே படக்கூடாது என்று உத்தரவாயிற்று.

கிருஷ்ணம்மாள் கெட்டவள் இல்லை. பொழுது சாய்ந்தால் மருமகளின் வீங்கிய காலை மடியில் வைத்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஒரு பிணத்தை அந்த வீட்டிலிருந்து தூக்கியவள், இரண்டாவதைத் தூக்க மனமில்லாமல்தான் இதைச் செய்தாள். அவள் பயம் நிஜம், அன்பும் நிஜம். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு மருமகளை எங்கே உட்காரவைக்கக் கூடாதோ அங்கேயே உட்காரவைத்தாள்.

அந்தப் புதன்கிழமை தேவிப்ரியா வரவில்லை. கலைமகள் உச்சி வெயிலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கிருஷ்ணம்மாள் வீட்டை நெருங்கும்போது அவள் காதில் விழுந்தது.

டக், டக், டக். ஒன்றுமில்லை. டக். ஒன்றுமில்லை.

முதலில் தன் காதுக்குள் எப்போதும் ஓடுகிற சத்தம் என்றுதான் நினைத்தாள். ஸ்கூட்டியை நிறுத்தினாள். இஞ்சின் அடங்கிய பிறகும் கேட்டது. பேயை நம்பாதவளுக்கு, அந்த ஒரு கணம், உள்ளே ஸ்வர்ணலதாதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றிவிட்டது.

கிருஷ்ணம்மாள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். இந்த முறை நாற்காலி வரவில்லை.

"பூவாடைக்காரிக்கு பொடவ நெய்யறா. யாரும் தொடக்கூடாது. நாளைக்கோ நாளன்னிக்கோ அறுத்துடுவா, அப்பால வா."

"அறுக்கிற வரிக்கும் தாங்குமாம்மா? பிரஷரு மட்டும் பாத்துட்டுப் போயிடறேன். ஜல்தியா ஆயிடும்."

"பேஜாரு பண்ணாத நர்ஸம்மா. இது ஒங்க ஆஸ்பத்திரி சமாச்சாரம் இல்ல."

உள்ளே சத்தம் மறுபடி நின்றது. கலைமகளுக்குப் பதறியது. எதைச் சொன்னால் இவள் வழிவிடுவாள் என்று பார்த்தாள். கையேடு வேலைக்கு ஆகாது, டாக்டர் பெயர் வேலைக்கு ஆகாது. இந்த வீட்டில் ஒருத்தியின் சொல்தான் எடுபடும், அவள் செத்துப்போனவள். வாழ்நாளில் சொல்லாத ஒன்றைக் கலைமகள் அப்போது சொன்னாள்.

"ஸ்வர்ணலதா என் கனவுல வந்தாம்மா. எனக்குப் பொடவையும் வேணாம் ஒண்ணும் வேணாம், அந்தப் பொண்ண தறிய விட்டு எழுப்புன்னு சொன்னா."

கிருஷ்ணம்மாளின் முகம் வெளுத்துப் போயிற்று. கலைமகள் ஒரு மூச்சு விட்டாள். வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"எங்க வூட்டுத் தெய்வம் ஒன் கனவுல எதுக்கு வந்துது?" கிருஷ்ணம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "குத்தம் ஆயிடுச்சு. எங்கியோ குத்தம் ஆயிடுச்சு. விக்னேஷு! ஏய் விக்னேஷு! வண்டிய எடுடா, பூசாரிய கூட்டினு வா! வர்ற வரிக்கும் அவ குழிய விட்டு ஏறக்கூடாது!"

பக்கத்து அறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த விக்னேஷ் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். பைக்கை உதைத்தான்.

தன் பொய் எங்கே போய் முட்டியது என்று கலைமகளுக்கு அப்போது புரிந்தது. பேயின் பெயரைச் சொன்னால் பேய்க்காரனைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்வர்ணலதாவைக் கொன்ற அதே தாமதத்தை, அதே எலுமிச்சம்பழத்தை, இன்றைக்குத் தன் வாயாலேயே அழைத்துவிட்டாள். நாளை மாற்றலாம், கேள்வியை மாற்றலாம், இடத்தை மாற்றலாம். பொய்யைக் கலந்தால் அது செவிலியின் மருந்தா, பூசாரியின் மருந்தா?

"வண்டிய நிறுத்து விக்னேஷ்" என்றாள். "நான் சொன்னது பொய். கனவும் வரல ஒண்ணும் வரல. உள்ள விடமாட்டேன்னாங்க, அதான் சொன்னேன்."

"இன்னாது?" என்றான் அவன்.

கலைமகள் கிருஷ்ணம்மாளின் தோளை ஒதுக்கிவிட்டு வாசற்படியைத் தாண்டினாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கூடம் அவள் நினைத்ததைவிடச் சின்னது, இருட்டானது. தறி அதை முழுக்க அடைத்திருந்தது. சிவப்புப் பட்டின் நடுவில் தேவிப்ரியா இடுப்பு வரை பூமிக்குள் போனவள்போல் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கி, கண் சிறுத்திருந்தது.

குழியின் விளிம்பில் கலைமகள் மண்டி போட்டாள். "தேவி, இங்க பாரும்மா. கண்ணு தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுதுக்கா."

அதே சொல். கலைமகள் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "என் மூக்குல இன்னா கீதுன்னு சொல்லு."

தேவிப்ரியா முகத்தைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். மாமியார் நிற்கிறாள், புருஷன் நிற்கிறான். தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

"மூக்குத்திக்கா. மின்னுது."

கிருஷ்ணம்மாள் வீல் என்று கத்தினாள். அன்றைக்கு வாசலில் நின்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. "அவதான்! அவதான் பேசறா! அதே பேச்சு! தொடாத, தொடாத அவள!"

கலைமகள் காதில் வாங்கவில்லை. கருவியின் பட்டையைத் தேவிப்ரியாவின் கையில் சுற்றி இறுக்கினாள். காற்று ஏறியது, இறங்கியது. நூற்று எழுபதுக்கு மேல் நின்றது.

"விக்னேஷ், இந்த நம்பரு ஒனக்குப் புரியாது. ஒனக்குப் புரியறத பாரு. அவ நெய்ஞ்சிகீற பொடவைய பாரு."

அவன் குனிந்தான். மூன்று தலைமுறையாகத் தறியில் பிறந்து வளர்ந்தவன். ஒரு பார்வை போதும். கரையில் ஜரிகை இரண்டு இடத்தில் விட்டுப் போயிருந்தது. அன்னத்தின் கழுத்து பாதியில் அறுந்து, உடல் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. அறுந்த இழைகள் முடிபோடாமல் தொங்கின. கற்றுக்குட்டிகூட இப்படி நெய்ய மாட்டான்.

அவன் அன்னத்தின் மேல் விரலை வைத்தான்.

"அம்மா" என்றான். "இத பாரும்மா. ஸ்வர்ணலதா கடசியா அறுத்தது. மொதலாளி திருப்பி அனுப்பிச்சாரே. அதுலயும் இதே மாரி. இதே எடம். கண்ணு தெரியாமத்தான் நெய்ஞ்சிருக்கா. நான் அவள, அறுத்த அன்னிக்கு, கவனம் எங்கடி மேயுதுன்னு..."

குழிக்குள் இறங்கினான். தேவிப்ரியாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"விக்னேஷு, வெரதம்டா! பொடவ பாதியில கீதுடா!"

"அத்த அறுத்துப் போடும்மா."

தெருமுனை ஆட்டோவில் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். வலிப்பைத் தடுக்கும் ஊசியை அகல்யா போட்டாள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரி. வழியில் ஒருமுறை தேவிப்ரியாவின் கை வெட்டி இழுத்தது, நின்றது. கலைமகள் அந்தக் கையைப் பிடித்தபடி இருந்தாள். மறுநாள் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவுதான். ஆனாலும் அழுதது. தாய் பிழைத்தாள்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அந்தத் தெரு அப்படி முடிக்கவிடவில்லை.

பாதியில் நின்ற புடவையைக் கிருஷ்ணம்மாள் விக்னேஷை வைத்து நெய்து முடித்தாள். பானை வைத்தாள், பூச் சுற்றினாள், சாத்தினாள். பூவாடைக்காரி இறங்கி வந்து இளையவளின் உயிரைக் காப்பாற்றினாள் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். கலைமகள் தெருவில் நின்று திருப்பி எடுத்துக்கொண்ட அந்தப் பொய்யை ஊர் திருப்பித் தரவில்லை. நர்ஸின் கனவில் தெய்வம் வந்தது என்பதுதான் இப்போது கதை.

போன மாதம் ஓர் ஆறுமாதக் கர்ப்பிணி அவளைச் சந்தில் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள். "யக்கா, என்னப் பத்தி எதுனா கனவு வந்துச்சா?"

"கனவு வராது. கைய நீட்டு" என்றாள் கலைமகள்.

இப்போது அவள் எந்த வீட்டிலும் வாசலில் உட்காருவதில்லை. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும் என்று நேராகத் தறிக்குப் போகிறாள். கண் தெரிகிறதா என்று கேட்பதை விட்டுவிட்டாள். "நீ நெய்ஞ்சத காட்டு" என்கிறாள். மாமியாரைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுத் தலைவலியைப் பற்றிக் கேட்கிறாள். அகல்யா இதையெல்லாம் மேலே எழுதி அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. புதிதாக அச்சடித்த கையேடு வந்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அதே பெண், அதே பழத்தட்டு. வண்ணம் மட்டும் கூடியிருந்தது.

தறிச் சத்தம் இன்னும் அவள் காதுக்குள் ஓடுகிறது, ஓடி நிற்கிறது. முன்பு அது நின்றால் நெஞ்சை அடைக்கும். இப்போது ஸ்கூட்டியை நிறுத்தி, எந்த வீடு என்று பார்க்கிறாள். பல நாட்களில் எந்த வீடும் இல்லை. வெறும் காதுதான். அப்போதும் இறங்கி, ஒரு கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள்.

நீங்கள் இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலையை நிறுத்த வழியில்லாமல் வயிற்றோடு உழைக்கிற ஒருத்தி இருப்பாள். வாசலில் நின்றுகொண்டு நல்லா இருக்கியா என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாள். உள்ளே போங்கள். வேறு யார் காதிலும் விழாத இடத்தில் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் கை செய்த வேலையைப் பாருங்கள். பிறகு, அவள் எதைச் சொன்னாலும் சரி, இரத்த அழுத்தம் பார்க்க அவளை இன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்.